சந்தகைச் சந்திப்பு

மார்ச் 4, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்கே போய் நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் வேலை. ஈரோட்டில் நான் செய்ததும் இதுதான். அங்கே நோயாளிகள் என்னைத் தேடி வந்தார்கள், இங்கே நான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். அதனால் ஒரு நிபந்தனை: மே மாதத்துக்குள் கார் ஓட்டும் லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும். நாங்கள் பர்மிங்காமின் தெற்குப் பக்கம், ஹால் கிரீனில் குடியிருக்கிறோம். நோயாளிகள் எல்லாரும் வடக்கே, எர்டிங்டனில் இருக்கிறார்கள். நடுவில் முழு நகரமும் கிடக்கிறது.

மனைவிக்கு வேலை கிடைத்தால் மற்ற கணவன்மார் என்ன சொல்வார்களோ தெரியாது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன், "இந்த ஊர்ல எத்தன மைல் கால்வாய் இருக்குது தெரியுமா கோகிலா?" என்றார்.

"முப்பத்தஞ்சு" என்றேன். நான் இங்கே வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார்.

"வெனிஸைக் காட்டிலும் அதிகம்."

"நம்மூரு காலிங்கராயன் வாய்க்கால் ஒண்ணே அம்பத்தாறு மைலுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்ததால் கேசரி கிண்டிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது எனக்கு என்பது கேசரி கிண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 8, சனி

அவரே கற்றுத்தருவதாகச் சொன்னார். காரின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டியாயிற்று. ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு பயமே இல்லை.

முதல் ரவுண்டானாவில் நுழைந்தோம். "இந்த ஊர்க்காரங்க இத ரவுண்டபவுட்டுன்னு சொல்ல மாட்டாங்க. ஐலண்டுன்னுதான் சொல்லுவாங்க. ஏன் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். நடுவில் புல்லும் செடியும் வைத்து, அதைச் சுற்றி வண்டிகள் ஓடுவதால் அது தீவு. அப்புறம் தீவுகளின் வரலாறு. அப்புறம் இங்கிலாந்தில் பூங்கா பராமரிப்பு. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று அவர் சொல்லவேயில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரியவர் முதலில் எங்களைப் பார்த்தார், பிறகு சிரித்தார், கடைசியில் கையசைத்தார்.

"ஏனுங்க, எந்தப் பக்கம் போறது?"

"அட, நீ இன்னும் திரும்பலையா?"

மார்ச் 9, ஞாயிறு

மழை. இட்லி மாவு பொங்கவில்லை. ஓட்டப் போகவில்லை. இரண்டில் எது எனக்கு வருத்தம் என்று யோசித்துப் பார்த்தேன். மாவுதான்.

மார்ச் 15, சனி

அவருக்குத் தெரிந்ததெல்லாம் எழுதினால் இந்த டைரி போதாது. நகரின் நடுவில் 'தேவையற்ற சந்து' என்று பொருள்படும் பெயரில் ஒரு சந்து உண்டாம். இன்று என்னை அங்கே நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். இருந்தது. நடந்து முடித்தோம். தேவையில்லைதான்.

அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பதினொன்றாம் எண் பேருந்து. நகரத்தைச் சுற்றி இருபத்தாறு மைல் வட்டம். இப்போது நடுவில் ஓர் இடத்தில் இறங்கி மாற வேண்டும், அவர் வந்த புதிதில் ஒரே பேருந்து முழு வட்டமும் போகுமாம். நான் வருவதற்கு முன் இங்கே தனியாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கட்டி எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் உட்கார்ந்துகொள்வாராம்.

"என்னத்துக்குங்க?" என்றேன்.

"அந்த பஸ்ஸுல தொலஞ்சே போக முடியாது கோகிலா. என்ன பண்ணினாலும் ஏறுன எடத்துக்கே கொண்டாந்து உட்டுரும்."

எதற்காகவோ இதை எழுதி வைக்கத் தோன்றியது.

மார்ச் 18, செவ்வாய்

அவரிடம் கற்பதை நிறுத்திவிட்டேன். கல்யாண வாழ்க்கை முக்கியம். இலங்கைத் தமிழர் ஒருவர், தவமணி அக்கா, ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிறார் என்று கடையில் சொன்னார்கள். குள்ளமானவர். இருக்கையில் மெத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறார். குரல் மட்டும் உயரம்.

"பிள்ளை, உந்த ஐலண்டில வலப்பக்கம் திரும்புங்கோ" என்றார். திரும்பினேன். ஏன் ஐலண்ட் என்று சொல்லவில்லை. அந்த அமைதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன் அழுறியள்?"

விவரம் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் நெடுந்தீவில பிறந்தனான். கடலைத் தாண்டி எவ்வளவு தூரம் ஓடி வந்தன். இங்கையும் தீவைச் சுத்தித்தான் பிழைப்பு."

ஏப்ரல் 2, புதன்

நாளை மறுநாள் தேர்வு. யாரோ ரத்து செய்த இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. எனக்குப் பதற்றமெல்லாம் ஒன்றும் இல்லை.

காலையில் காப்பியில் ரசப்பொடி போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

தோற்றுவிட்டேன்.

பெரிய ஐலண்ட் ஒன்றின் வாசலில் வண்டிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். விட்டேன். அடுத்தவருக்கும் விட்டேன். எல்லாருக்கும் விட்டேன். எனக்குப் பின்னால் ஒரு தேர்த்திருவிழாக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பரிசோதகர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்தது.

"அளவு மீறிய தயக்கம்" என்று காரணம் சொன்னார். மரியாதையாக இருப்பதற்கு இந்த நாட்டில் மதிப்பெண் குறைக்கிறார்கள்.

தவமணி அக்கா திட்டவில்லை. "அவங்கள் விடமாட்டாங்கள் பிள்ளை. நீங்கள்தான் போகோணும். ஆரும் வாங்கோ எண்டு வெத்திலை வைச்சுக் கூப்பிடமாட்டினம்" என்றார்.

வீட்டில் அவர் எனக்காகத் தோசை சுட்டு வைத்திருந்தார். ஒன்றுகூட வட்டமாக இல்லை. "இது அந்த ஐலண்டு ஞாபகம் வரக்கூடாதுன்னுதான்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கொஞ்சம் அழுகையும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எர்டிங்டனில் நாச்சிமுத்து அண்ணன் வீட்டில் விருந்து. அவரும் என் வீட்டுக்காரரும் கோபியில் ஒன்றாகப் படித்தவர்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் பாயசத்தில் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல நகரைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பதினொன்றாம் எண் பேருந்தின் பாதையிலேயே ஓட்டி வந்தார். சாலைக்கு இரண்டு பக்கமும் மரங்கள் அழகாக இருக்கும் என்பார். நான் பார்த்தவரை சிக்னல்கள்தான் அழகாக இருந்தன, எல்லாம் சிவப்பில்.

அண்ணன் மனைவி பூங்கோதை கேட்டாள்: "ஏனுங்கண்ணா, ஸ்பெகட்டி ஜங்ஷன் வழியா வந்தா பொசுக்குன்னு வந்தரலாமே?"

நாட்டின் பெரிய நெடுஞ்சாலையும் ஊருக்குள்ளிருந்து வரும் விரைவுச்சாலையும் சந்திக்கும் இடம் அது. பாலத்துக்கு மேல் பாலமாகப் பின்னிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் தட்டில் கொட்டிய ஸ்பெகட்டி மாதிரி இருக்கிறது என்று கட்டுவதற்கு முன்பே, அறுபதுகளில், வரைபடத்தைப் பார்த்த ஒரு பத்திரிகைக்காரர் எழுதப்போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டதாம். நம்மூர்க்காரர் யாராவது எழுதியிருந்தால் சந்தகை என்றிருப்பார். வெளியூர்க்காரர்கள் இடியாப்பம் என்று சண்டைக்கு வந்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஐந்நூற்று ஐம்பத்தொன்பது தூண்கள் என்றார். முப்பது ஏக்கர் என்றார். பதினெட்டுத் தடங்கள், அடியில் ரயில் பாதை, ஆறு, கால்வாய் என்றார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"நீ அதுல வண்டி ஓட்டியிருக்கியா சென்னீ?" என்று நாச்சிமுத்து அண்ணன் கேட்டார்.

"அடியில போற கால்வாய் பதினெட்டாம் நூற்றாண்டுலயே வெட்டுனது" என்றார் இவர்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர் விடுமுறை. அந்தச் சந்திப்பைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனார். மேலே அல்ல, அடியில். கால்வாய்க் கரையோரமாக நடந்தே போகலாம். அவ்வளவு பெரிய காங்கிரீட் காடு என் தலைக்கு மேலே இருந்து நான் பார்த்ததில்லை. மேலே வண்டிகள் உறுமுகின்றன. கீழே தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று எங்களைக் கண்டுகொள்ளாமல் மீன் பார்த்தது.

அவர் ஒவ்வொரு தூணாகத் தட்டிக் காட்டினார். அந்தக் காலத்தில் கரையில் நடந்து படகை இழுத்துப்போன குதிரைகளின் கயிறு சிக்கிக்கொள்ளாதபடி தூண்களை எங்கே நட வேண்டும் என்று யோசித்து நட்டார்களாம். தன் வயலைச் சுற்றிக் காட்டுகிற ஆள் மாதிரி இருந்தார்.

அடியில் நிற்கும்போது என்ன தைரியமாக இருக்கிறார்.

மே 7, புதன்

தேறிவிட்டேன். இந்த முறை பரிசோதகர் ஒரு பெண். அதே பெரிய ஐலண்ட். இடைவெளி வந்தது, வெற்றிலைக்குக் காத்திருக்காமல் போய்விட்டேன்.

தவமணி அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். "இனி நீங்கள் ஆரையும் கேக்கத் தேவையில்லை" என்றார். அவர் வேறு எதையும் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டில் அவர் வாசல் கதவைத் திறந்ததும், "இந்த நாட்டுல பாதிப் பேருக்கு மேல மொதல் தடவையில தேற மாட்டாங்களாம்" என்றார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை என்று அர்த்தம். நாள்பட்டால் மொழி புரிந்துவிடுகிறது.

மே 12, திங்கள்

வேலையில் முதல் நாள். வேலையிடத்தில் கொடுத்த காரில், அவர் வரைந்து கொடுத்த வழியில் போனேன். மரங்கள் நன்றாக இருந்தன. தாமதம்.

என் முதல் நோயாளி மார்கரெட். இடது கால் பேச்சுக் கேட்பதில்லை. வாசல்வரை நடந்து போய்த் தன் பூனையைத் தானே திட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. "வா பேப்" என்றார். இந்த ஊரில் எல்லாரையும் பேப் என்கிறார்கள். நம்மூர் 'கண்ணு' மாதிரி. அந்த ஒரு சொல்லுக்காகவே நாளைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 13, செவ்வாய்

தாமதம்.

மே 15, வியாழன்

தாமதம். மரங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மே 19, திங்கள்

மேலாளர் ஹெலன் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், என் புடவைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு, "எனக்குக் கொஞ்சமே கொஞ்சம் கவலையாக இருக்கிறது" என்றார். இங்கே யாராவது கொஞ்சமே கொஞ்சம் கவலைப்பட்டால் வேலை போகப் போகிறது என்று பொருள். மாதக் கடைசிவரை பார்ப்பார்களாம். "நீ ஏன் அந்தச் சந்திப்பு வழியாக வருவதில்லை?" என்றும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். "வர்ற சனிக்கிழமை என்ன அந்த வழியாக் கூட்டிட்டுப் போறீங்களா? ஒருக்காப் பாத்துட்டா நானே போயிக்குவேன்."

"சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச்சு இருக்கும். கூட்டம்."

"ஞாயித்துக்கெழம?"

"காத்து பலமா அடிக்கும்னு சொல்றாங்க."

"அதுக்கடுத்த வாரம்?"

"டயர் மாத்தோணும்."

வெங்காயம் நறுக்கினேன். தேவைக்கு மேலேயே நறுக்கிவிட்டேன்.

மே 20, செவ்வாய்

சாப்பிடும்போது அவராகவே சொன்னார். என்னைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இங்கே வந்த முதல் வருடம், நாச்சிமுத்து அண்ணன் வீட்டுப் பொங்கலுக்குப் போகக் கிளம்பி அந்தச் சந்திப்பில் ஏறியிருக்கிறார். தடம் பிரிந்தது. மாற முடியவில்லை. இரண்டு பக்கமும் லாரிகள். நெடுஞ்சாலைக்குள் தள்ளிவிட்டது. எந்த வழியில் இறங்கினாலும் இன்னும் தொலைந்துவிடுவோமோ என்று பயந்து, இறங்காமலே போயிருக்கிறார்.

"எதுவரைக்கும் போனீங்க?"

"ஸ்டோக்."

அது வேறு ஊர். நாற்பது மைலுக்கு மேல்.

"அங்க ஒரு கடை வாசல்ல நிறுத்திட்டு அழுதேன் கோகிலா. வெவரமா எழுதியிருக்கற போர்டுக அத்தன இருந்துச்சு. ஒண்ணுகூடப் படிக்க முடியல."

"என்றகிட்ட ஏனுங்க சொல்லல?"

"அன்னிக்கே போன்ல சொன்னனே. ஸ்டோக்ல பீங்கான் சாமானெல்லாம் நல்லா இருக்குதுன்னு."

ஆமாம், சொன்னார். அந்த வருடம் ஊருக்கு வந்தபோது ஆறு பீங்கான் கோப்பைகளும் கொண்டுவந்தார். மகன் வடக்கு இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்தபோது வாங்கியது என்று என் மாமியார் தெரு முழுக்கக் காட்டினார்.

ஸ்டோக்கிலிருந்து பர்மிங்காம் திரும்பியதும் அந்தச் சந்திப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாராம். தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று நினைத்தாராம். "தூணு எத்தனைன்னு தெரிஞ்சுபோச்சு. பயம் போகல."

இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

மே 24, சனி

காலையில் காலண்டரைப் பார்த்துவிட்டு, அந்தச் சந்திப்பைத் திறந்தது ஐம்பத்து மூன்று வருடம் முன் இதே நாளில் என்றார். சொல்லிவிட்டு அவரே, "அப்ப நாளைக்குப் போலாம். நீ ஓட்டு. நான் பக்கத்துல இருக்கறேன்" என்றார்.

எனக்குப் பதற்றமெல்லாம் இல்லை. உப்புமாவை இரண்டு தடவை செய்துவிட்டேன், அவ்வளவுதான்.

மே 25, ஞாயிறு

கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டார். விரைவுச்சாலையில் ஏறியதும் வேகம் கூடியது. என் வேகம் அல்ல, அவர் பேச்சின் வேகம். அந்தச் சாலையில் ஏழு தடங்கள், போவதற்கும் வருவதற்கும் நடுவே தடுப்பே கிடையாது. தலைக்கு மேல் விளக்குப் பலகைகள்தான் எல்லாம். காலையில் ஊருக்குள் வருகிறவர்களுக்கு அதிகத் தடம், மாலையில் வெளியே போகிறவர்களுக்கு அதிகத் தடம். காலையில் வந்த தடத்திலேயே மாலையில் எதிர்ப்பக்கம் ஓடலாம்.

"சிவப்புப் பெருக்கல் குறி இருந்தா அந்தத் தடத்துல போகவே கூடாது. பச்சை அம்புக்குறி இருந்தாத்தான்—"

"தெரியுதுங்க."

"ஒரு தடம் எப்பவும் காலியா உட்டிருப்பாங்க, ரெண்டு பக்கமும் மோதிக்காம—"

"ஏனுங்க, எனக்கு எது எர்டிங்டன் தடம்?"

ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் இருக்கை பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. சஷ்டிக் கவசமா, தூண்களின் எண்ணிக்கையா தெரியவில்லை.

சாலை மேலே எழும்பியது. பலகைகள் வந்தன. வந்த வேகத்தில் போயின. சாலை பிரிந்தது. ஒரு லாரி என் இடப்பக்கம் மலை மாதிரி நின்றுகொண்டு கூடவே ஓடியது. நான் எர்டிங்டன் என்று நினைத்த தடம் எர்டிங்டன் இல்லை.

"ஏனுங்க" என்றேன். "தப்பான வழியில வந்துட்டேன்."

அவர் கண்ணைத் திறந்தார். முன்னால் நெடுஞ்சாலை வடக்கே நீண்டு கிடந்தது. கத்துவார் என்று நினைத்தேன்.

"இது அதே ரோடு" என்றார் மெதுவாக.

"என்ன பண்றதுங்க?"

"லாரிய முன்னால உடு. இன்னும் கொஞ்சம் உடு. இப்ப இடப்பக்கம் போ."

போனேன். அதற்குள் அடுத்த வெளிவழியும் கடந்துபோயிருந்தது. சிறிது தூரத்தில் காப்பிக் கோப்பை படம் போட்ட பலகை வந்தது. நெடுஞ்சாலைப் பயணிகள் நின்று சாப்பிட்டுப் போகிற இடம். உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். பெல்ட்டைக் கழற்றாமலே இறங்கப் பார்த்தேன். எழுதினால்தான் என்ன, பதற்றம்தான்.

அவர் இறங்கிப் போய் இரண்டு தேநீர் வாங்கிவந்தார். கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் நாய்க்குத் தன் பொரித்த உருளைக்கிழங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கெல்லாம் வேணும்னே இங்க வர்றாங்க பாரு" என்றார்.

அடுத்த வெளிவழியில் இறங்கி, பாலம் ஏறி, எதிர்ப்பக்கமாகத் திரும்பினோம். சந்திப்பை நெருங்கியதும் அவர் பலகைகளைச் சத்தமாகப் படித்தார். "எர்டிங்டன். இடப்பக்கம். இப்ப இல்ல. இப்ப." வேறு ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து மார்கரெட்டின் தெருவில் நின்றபோதுதான் நாங்கள் இருவரும் மூச்சு விட்டோம்.

மே 27, செவ்வாய்

நேற்று பொது விடுமுறை, இன்று வேலை. சந்திப்பு வழியாகத் தனியாகப் போனேன். மார்கரெட் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக, "பேப், இவ்வளவு சீக்கிரம் வந்தால் நான் என்ன செய்வது?" என்று கோபித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் கேட்ட மிக இனிமையான வசவு.

மே 30, வெள்ளி

ஹெலனுக்குக் கவலை தீர்ந்துவிட்டதாம். வேலை நிரந்தரம்.

மார்கரெட் வீட்டு வாசலில் நின்று என் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. இந்த நேரத்தில் அலுவலகத்தில் மேசை முன்னால்தான் இருப்பார், உடனே ஏதாவது ஒரு புள்ளிவிவரம் வரும். உள்ளே போய் மார்கரெட்டை எழுப்பி நிறுத்தினேன். ஊன்றுகோலுடன் கூடம்வரை வந்தார், அங்கே நின்று இளைப்பாறினார். அப்போது போன் அடித்தது.

"கோகிலா, வேலை கெடைச்சிருச்சா? இப்பத்தான் வண்டிய நிறுத்திட்டுப் பாத்தேன்."

"வண்டியா? ஆபீஸ் போகலையா?"

"லீவு போட்டேன். ஜங்ஷன்ல ஏறினேன். தனியா."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் தட்டுகள் மோதும் சத்தமும் கேட்டன.

"இப்ப எங்கீங்க இருக்கீங்க?"

கொஞ்சம் யோசித்தார். சுற்றுமுற்றும் பார்த்திருப்பார் போல.

"அதுதான் தெரியல" என்றார். "ஆனா டீ நல்லாருக்குது."

மார்கரெட் யார் போனில் என்று கேட்டார். என் வீட்டுக்காரர், தொலைந்து போய்விட்டார் என்று சொன்னேன். "அதற்கு ஏன் பேப் இப்படிச் சிரிக்கிறாய்?" என்றவர், ஊன்றுகோலை என் கையில் கொடுத்துவிட்டு வாசல்வரை தானே நடந்து போனார்.